அந்தப் பக்கம் போனால் குறி மாறுமா?

சென்ற வாரம் அண்ணன் மகள் தன் இயற்கணிதப் பயிற்சி ஏட்டைக் கொண்டுவந்து என் முன் விரித்து வைத்தாள். −3ய = 12 என்ற சமன்பாட்டுக்குக் கீழே ய = 12/3 என்றும், அதற்கும் கீழே ய = 4 என்றும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்; அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுந்திருந்தது. "மைனஸ் மூன்று அந்தப் பக்கம் போனால் பிளஸ் மூன்று ஆகிவிடும் அல்லவா, அத்தை? அப்படியென்றால் நான் செய்தது எப்படித் தவறாகும்?" என்று கேட்டாள்.

அவளுடைய தருக்கத்தில் பிழை ஏதுமில்லை. அவளுக்குச் சொல்லித்தரப்பட்ட வாய்பாட்டை அவள் அப்படியே பின்பற்றியிருந்தாள். "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற அந்த வாக்கியத்தை நானும் அவள் வயதில் மனப்பாடம் செய்தவள்தான்; 3ய = 12 என்பதைப் பார்த்ததும் 3 அந்தப் பக்கம் போகிறது, குறி மாறுகிறது, ஆகவே ய = 12 − 3 = 9 என்று எழுதி அடி வாங்காத குறையாக வீடு திரும்பியிருக்கிறேன். −3ய என்பதில் உள்ள கழித்தல் குறி எதையும் கழிக்கவில்லை. அது 3 என்னும் எண்ணோடு ஒட்டிப் பிறந்த குறி. அங்கே ய என்பது −3 ஆல் பெருக்கப்பட்டிருக்கிறது. பெருக்கியதை நீக்க வேண்டுமானால் அதே −3 ஆல்தான் வகுக்க வேண்டும்; விடை −4.

தெரியாத எண்ணுக்கு 'ய' என்ற எழுத்தை எழுதுகிறேனே என்று சிலர் வியக்கலாம். எந்த எழுத்தை எழுதினாலும் கணக்கு மாறப்போவதில்லை. ஆயினும் இந்த எழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியக் கணிதர் பாஸ்கரர் 1150ஆம் ஆண்டு இயற்றிய பீஜகணிதத்தில் தெரியாத முதல் எண்ணின் பெயர் 'யாவத் தாவத்'. எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். அதன் முதலெழுத்தையே அக்காலக் கணிதர்கள் குறியீடாக எழுதினார்கள். எவ்வளவு என்று இப்போதைக்குத் தெரியாது, ஆனால் அது எவ்வளவோ அவ்வளவாகவே கணக்கு முழுவதும் இருக்கும் என்ற கருத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

குறி மாறும் கதையை விடவும் ஆழமான சிக்கல் ஒன்று சமக்குறியிலேயே இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் 8 + 4 = என்று எழுதப்பட்டிருந்தால், அதற்கு வலப்புறம் விடையை எழுது என்று பொருள். ஆண்டுக்கணக்கில் அப்படியே பழகிய பிள்ளையிடம் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுத்தால், கட்டத்துக்குள் 12 என்று எழுதிவிடும்; சில பிள்ளைகள் 5ஐயும் சேர்த்து 17 என்பார்கள். கட்டத்தில் 7 வர வேண்டும் என்பது சமக்குறியை ஒரு கட்டளையாக அல்லாமல் ஓர் உறவாகப் படிப்பவருக்கு மட்டுமே தெரியும். அதே பழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் 2ய + 6 = 20 = 2ய = 14 = ய = 7 என்று ஒரே வரியில் சங்கிலி போல் எழுதிச் செல்கிறார்கள். விடை சரிதான், ஆனால் எழுதியதை எழுத்துப்படி வாசித்தால் 20ம் 14ம் 7ம் ஒன்றே என்று ஆகிவிடுகிறது.

சமக்குறியை முதன்முதலில் அச்சில் பயன்படுத்தியவர் வேல்சு நாட்டுக் கணிதர் இராபர்ட் இரெக்கார்டு. 1557ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், "சமமாகும்" என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பைத் தவிர்க்க, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை இடுவதாக அவர் சொல்கிறார். அவ்விரு கோடுகளை விடச் சமமான இரு பொருள்கள் வேறில்லை என்பது அவர் காட்டும் காரணம். அந்தக் குறியோடு அவர் எழுதிய முதல் சமன்பாடு, இன்றைய முறையில் சொன்னால், 14ய + 15 = 71. ஒரு நேரிய சமன்பாடுதான்; ய = 4 என்பதை ஏழாம் வகுப்பு மாணவரும் கண்டுவிடுவார்.

இனி அந்த இடமாற்றத்துக்கு வருவோம். உண்மையில் எதுவும் எந்தப் பக்கமும் போவதில்லை. 5ய − 7 = 18 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே எண்ணின் இரண்டு பெயர்கள் என்று இது சொல்கிறது. ஒரே எண்ணோடு 7ஐக் கூட்டினால், எந்தப் பெயரால் அழைத்துக் கூட்டினாலும் கிடைப்பது ஒன்றே. ஆகவே 5ய − 7 + 7 = 18 + 7. இடப்பக்கத்தில் −7ம் +7ம் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, 5ய = 25 என்று மிஞ்சுகிறது. இரு பக்கங்களையும் 5 ஆல் வகுத்தால் ய = 5. நடுவிலுள்ள வரியை எழுதாமல் விட்டுவிட்டு முதல் வரியையும் மூன்றாம் வரியையும் மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு, இடப்பக்கத்து −7 சமக்குறியைத் தாண்டிப் போய் +7 ஆகிவிட்டது போல் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்துக்கு இட்ட பெயர்தான் இடமாற்றம். விட்ட வரி எது என்று தெரிந்தவருக்கு அது நல்ல குறுக்குவழி. தெரியாதவருக்கு அது மந்திரம், மந்திரத்தை எந்த இடத்தில் சொல்லக்கூடாது என்று மந்திரமே சொல்லித்தருவதில்லை.

இதை விளக்கத் தராசைக் காட்டுவது வழக்கம். இரு தட்டுகளிலும் ஒரே எடையை வைத்தாலும் எடுத்தாலும் முள் அசையாது என்பது சரியான படம்தான். ஆனால் அதை முதல் நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். −3ய = 12 வந்தவுடன் தராசு படுத்துவிடும்; கழித்தல் மூன்று மூட்டையை எந்தத் தட்டில் வைப்பது?

எதை முதலில் நீக்குவது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 5ய − 7 என்பதில் ய முதலில் 5 ஆல் பெருக்கப்பட்டது, பிறகே 7 கழிக்கப்பட்டது. மூட்டையை அவிழ்ப்பவர் கடைசியாகப் போட்ட முடிச்சை முதலில் அவிழ்ப்பது போல, கடைசியாகக் கழித்ததை முதலில் கூட்டி நீக்குகிறோம். இது கட்டாயமில்லை, முதலில் 5 ஆல் வகுத்தாலும் குற்றமில்லை. ஆனால் அப்போது இடப்பக்கத்தில் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் வகுத்து ய − 7/5 = 18/5 என்று எழுத வேண்டும். 7ஐ மறந்து ய − 7 = 18/5 என்று எழுதுவோர் ஏராளம். வகுப்பது பக்கத்தை முழுமையாக வகுப்பது. பக்கத்தில் முதலில் நிற்பவரை மட்டும் வகுப்பதன்று.

இரு பக்கங்களுக்கும் ஒரே செயலைச் செய்யலாம் என்று சொன்னேன். அதிலும் ஒரு விலக்கு இருக்கிறது. இதை நான் பள்ளியை விட்டு வந்து பல ஆண்டுகள் கழித்தே சரியாகப் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு வரியையும் எழுதும்போது நாம் காக்க வேண்டியது சமத்துவத்தை மட்டுமன்று, தீர்வுகளையும்தான். முந்தைய வரியை உண்மையாக்கும் எண்கள் எவையோ அவையே, ஒன்று கூடாமலும் ஒன்று குறையாமலும், அடுத்த வரியையும் உண்மையாக்க வேண்டும். ஓர் எண்ணைக் கூட்டினால் அதே எண்ணைக் கழித்துத் திரும்பி வரலாம். பூச்சியமல்லாத எண்ணால் பெருக்கினால் அதனாலேயே வகுத்துத் திரும்பி வரலாம். பூச்சியத்தால் பெருக்கினாலோ எந்தச் சமன்பாடும் 0 = 0 ஆகிவிடும்; சமத்துவம் கெடவில்லை, ஆனால் திரும்பும் வழி மூடிப்போயிற்று, ய பற்றிய செய்தி முழுவதும் அழிந்தது. மறுபக்கம், 5ய = 3ய என்ற சமன்பாட்டைப் பாருங்கள். இரு பக்கங்களையும் ய ஆல் வகுத்தால் 5 = 3 என்று வருகிறது; உடனே "தீர்வு இல்லை" என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் இரு பக்கங்களிலும் 3ய கழித்தால் 2ய = 0, ஆகவே ய = 0. வகுத்தபோது எது நிகழ்ந்தது? ய பூச்சியமாகவே இருந்தது, பூச்சியத்தால் வகுத்துவிட்டோம். எண் என்னவென்றே தெரியாத ஒன்றால் வகுக்கும்போது, அது பூச்சியமாக இருக்குமோ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் குறி நிற்கும் இடத்தில்தான் என் அனுபவத்தில் மிக அதிகமான பிழைகள் நேர்கின்றன. 7 − 2(ய − 3) = 1 என்பதைக் கொடுத்தேன். முதல் முயற்சியில் அவள் 7லிருந்து 2ஐக் கழித்து 5(ய − 3) = 1 என்று எழுதினாள். இடமிருந்து வலமாக வாசிக்கும் கண்ணுக்கு 7 − 2 முதலில் படுவது இயல்பே. ஆனால் 2 அடைப்புக்குறியோடு பெருக்கலால் கட்டுண்டிருக்கிறது, பெருக்கல் முடியாமல் அதைத் தனியே பிரிக்க முடியாது. இரண்டாம் முயற்சியில் 7 − 2ய − 6 = 1 என்று வந்தது; அதிலிருந்து ய = 0. பிழை எது என்று நான் சொல்லவில்லை, விடையைச் சமன்பாட்டில் இட்டுப் பார் என்றேன். 7 − 2(0 − 3) = 7 + 6 = 13. "13 வருகிறதே, 1 வர வேண்டும்" என்று தானே அடைப்புக்குறிக்குத் திரும்பிப் போனாள். −2 என்பது −3ஐப் பெருக்கும்போது +6 ஆகிறது; 7 − 2ய + 6 = 1, அதாவது 13 − 2ய = 1, −2ய = −12, ய = 6. சரிபார்த்தால் 7 − 2 × 3 = 1.

இந்தச் சரிபார்த்தலைத் தேர்வில் மதிப்பெண் தரும் கடைசி வரியாகவே பலரும் கருதுகிறார்கள். எனக்கோ, தொடக்க இயற்கணிதத்தில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உரிமை அதுவே என்று படுகிறது. விடை சரியா என்று ஆசிரியரையோ நூலின் பின்பக்கத்தையோ கேட்கத் தேவையில்லை; சமன்பாட்டையே கேட்கலாம். ஒரே நிபந்தனை, கேள்வியில் கொடுத்திருந்த முதல் வரியில் இட வேண்டும். நடுவழியில் உள்ள வரியில் இட்டால், அந்த வரிக்கு முன் செய்த பிழை கண்ணில் படாது.

பின்னங்கள் வந்தால் அச்சம் கூடுகிறது, ஆனால் செய்யும் வேலை குறைவுதான். ய/3 − (ய − 2)/4 = 2 என்பதில் பகுதிகளான 3, 4 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12. இரு பக்கங்களையும் 12 ஆல் பெருக்கினால் 4ய − 3(ய − 2) = 24. இங்கே இரண்டு பள்ளங்கள் உள்ளன. பின்னக்கோடு என்பது எழுதப்படாத அடைப்புக்குறி என்று அறியாதவர் 4ய − 3ய − 2 என்று எழுதுவார். வலப்பக்கத்து 2 பின்னமல்லவே என்று எண்ணுபவர் அதை 12 ஆல் பெருக்காமல் விடுவார். இரண்டையும் தாண்டினால் ய + 6 = 24, ய = 18. முதல் வரியில் இட்டால் 6 − 4 = 2. இதில் ருசி கண்ட பிள்ளைகள் ய/3 + ய/4 ஐச் சுருக்குக என்று கேட்டாலும் 12 ஆல் பெருக்கி 7ய என்று எழுதிவிடுவது இன்னொரு வேடிக்கை. அது சமன்பாடே அன்று, வெறும் கோவை. அதற்கு மறுபக்கமே இல்லாதபோது எந்த உரிமையில் 12 ஆல் பெருக்கினாய் என்று கேட்க வேண்டும். விடை 7ய/12.

ய இரு பக்கங்களிலும் இருக்கும்போது பிள்ளைகள் திகைப்பதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்குக் கணிதர் அல் குவாரிஸ்மியின் நினைவு வரும். பாக்தாதில் ஏறத்தாழ 820ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலின் பெயரில் இரண்டு சொற்கள் உள்ளன: அல் ஜபர், அல் முகாபலா. முன்னது முறிந்ததை மீளக் கூட்டுதல். எலும்பு முறிவைக் கட்டுவதற்கும் அரபு மொழியில் அந்தச் சொல்லே. பின்னது எதிரெதிரே நிறுத்தி ஈடுசெய்தல். 10 − 2ய = 4 + ய என்பதில் 10 ஆனது 2ய குறைந்து முறிந்து நிற்கிறது; இரு பக்கங்களிலும் 2ய கூட்டினால் 10 முழுமையாகி, 10 = 4 + 3ய என்றாகிறது. இது ஜபர். பின்னர் இரு பக்கங்களிலும் பொதுவாக உள்ள 4ஐ நீக்கினால் 6 = 3ய. இது முகாபலா. ய = 2. ஐரோப்பிய மொழிகளில் இயற்கணிதத்துக்கு வழங்கும் அல்ஜீப்ரா என்ற பெயர் அந்த முதல் சொல்லிலிருந்து வந்தது. அவர் இவை அனைத்தையும் குறியீடு ஒன்றுகூட இல்லாமல் முழு வாக்கியங்களாகவே எழுதினார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அவருடைய சொற்களில் எதுவும் பக்கம் தாண்டவில்லை. முறிந்தது கூடுகிறது, பொதுவானது நீங்குகிறது.

அவருக்கும் முன்னால், 499ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டரின் நூலில் இதே வகைக்கு ஒரே செய்யுளில் விதி இருக்கிறது. இருவரிடம் மதிப்புத் தெரியாத ஒரே வகைப் பொருள்கள் வெவ்வேறு எண்ணிக்கையிலும், கையில் பணம் வெவ்வேறு அளவிலும் உள்ளன. மொத்தச் செல்வம் இருவருக்கும் சமம் என்றால், பணங்களின் வேறுபாட்டைப் பொருள்களின் வேறுபாட்டால் வகுக்க ஒரு பொருளின் மதிப்பு கிடைக்கும். 5ய + 4 = 2ய + 19 என்பதில் (19 − 4)/(5 − 2) = 5. அவள் இந்த விதியை மிகவும் விரும்பினாள். ஆனால் எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதில் இரண்டு முறை தடுமாறினாள். அதிகப் பொருள் உள்ளவரிடம் பணம் குறைவு என்று சொன்னதும் தெளிந்துவிட்டது.

பொருள்களின் வேறுபாடு பூச்சியமானால் இந்த விதி என்ன செய்யும்? 2(ய + 3) = 2ய + 5 என்பதில் இரு பக்கங்களிலும் 2ய கழித்தால் 6 = 5 என்று நிற்கிறது; எந்த எண்ணை இட்டாலும் உண்மையாகாது, தீர்வு இல்லை. 2(ய + 3) = 2ய + 6 என்பதோ 6 = 6 என்று முடிகிறது; எந்த எண்ணை இட்டாலும் உண்மை, அது முற்றொருமை. இவ்விரண்டோடு 4ய + 7 = 7 − 3ய என்பதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வது வழக்கம். அங்கே 7ய = 0, ய = 0. பூச்சியம் ஒரு தீர்வு, தீர்வு இல்லாமையன்று.

வாக்கியக் கணக்குகளில் தமிழ் நமக்கு ஒருபுறம் உதவுகிறது, மறுபுறம் கண்ணாமூச்சி ஆடுகிறது. "ஓர் எண்ணின் மூன்று மடங்கை விட 5 குறைவு" என்பது சொல்வரிசைப்படியே 3ய − 5 என்று எழுதத் தக்கது. ஆனால் "ஓர் எண்ணை 10லிருந்து கழித்தால்" என்பதில் எண் முதலில் வருவதால் ய − 10 என்று எழுதிவிடுகிறார்கள்; "இலிருந்து" என்ற உருபு எதன் மேல் ஏறியிருக்கிறதோ அதுதான் முதலில் நிற்க வேண்டும், ஆகவே 10 − ய. "இரு மடங்குடன் 3ஐக் கூட்டினால்" என்பது 2ய + 3. "3ஐக் கூட்டி இரு மடங்காக்கினால்" என்பது 2(ய + 3). கணக்கில் தோற்றதாக நினைக்கும் பிள்ளை பல நேரங்களில் வேற்றுமை உருபில்தான் தோற்றிருக்கிறது.

வயதுக் கணக்கு ஒன்றையும் செய்தோம். தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து இரு மடங்காக இருக்கும். அவள் 3ய + 12 = 2ய + 12 என்று எழுதி ய = 0 என்று கண்டாள். அப்படியானால் மகனுக்கும் வயது 0, தந்தைக்கும் வயது 0 என்று அவளே சிரித்தாள். 12 ஆண்டுகள் மகனுக்கும் கழிகின்றன, இரு மடங்காவது அந்தக் கூடிய வயது என்று புரிந்ததும் 3ய + 12 = 2(ய + 12) என்று திருத்தினாள். மகனுக்கு 12, தந்தைக்கு 36. பிறகு 24ம் 48ம்.

சமன்பாடே எழுதாமல் இத்தகைய கணக்கைச் செய்ய முடியுமா என்று கேட்டாள். முடியும். ஏறத்தாழ கி.மு. 1550இல் அகமோசு என்ற எகிப்திய எழுத்தர் படியெடுத்த பாப்பிரசுச் சுருளில், ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19 எனில் அந்த அளவு என்ன என்று ஒரு கணக்கு இருக்கிறது. அவர் 7 என்று ஒரு பொய் விடையைக் கருதிக்கொள்கிறார். 7ம் 1ம் சேர்ந்தால் 8. வேண்டியது 19. ஆகவே 8ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, அத்தனை மடங்கு 7ஐ ஆக்குகிறார்: 133/8, அதாவது 16 5/8. மாறாத எண் ஒன்று இடப்பக்கத்தில் கூடுதலாக நின்றால் இந்த ஒற்றைப் பொய் போதாது; 5ய − 7 = 18 இல் 1 என்று கருதினால் −2 வரும், 18/(−2) = −9 மடங்கு என்று போனால் ய = −9 என்ற பயனற்ற விடைதான் கிடைக்கும்.

புறப்படும்போது அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் அன்று அவள் வகுப்புக்கேற்ற பதில் இருக்கவில்லை. இரு பக்கங்களுக்கும் ஒரே செயலைச் செய்யலாம் என்றால், இரு பக்கங்களையும் வர்க்கப்படுத்தலாமா என்றாள். ய = 3 என்று எழுதி இரு பக்கங்களையும் வர்க்கப்படுத்தச் சொன்னேன். ய² = 9 என்று எழுதினாள். இதை உண்மையாக்கும் எண்கள் எவை என்றேன். 3 என்றாள், சற்று நேரம் ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "−3ம்தான். ஆனால் இது எங்கிருந்து வந்தது, அத்தை?" என்றாள்.